மலையில் முதல் ஏர் ரைபிள்: கம்பெனி பெயரைக் கடைசியில் பாருங்கள்

"அண்ணா, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" கோத்தகிரி, குன்னூர் பக்கம் புதிதாகத் துப்பாக்கி ஆசை வந்தவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: எதைச் சுடப் போகிறீர்கள், எங்கே நின்று சுடப் போகிறீர்கள், யார் தூக்கப் போகிறார்கள்? இதற்குப் பதில் வந்துவிட்டால் கடையில் மாட்டியிருப்பதில் முக்கால்வாசி தானாகக் கழன்றுவிடும். மிச்சத்தில் எதை எடுத்தாலும் பெரிய தப்பு வராது.

முதல் கேள்விக்கு உங்கள் பதில் "வேட்டைக்கு" என்றால் இங்கேயே நின்றுகொள்ளுங்கள். 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டும் கிடையாது. காயப்படுத்துவது, கண்ணி வைப்பது, அதற்கு முயற்சி செய்வது, பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பது எல்லாமே அதற்குள் வரும். ஏர் கன்னில் ஒரு காட்டுப்புறாவை அடித்தாலும் அது வேட்டைதான், "சின்னத் துப்பாக்கிதானே சார்" என்பது வனத்துறை முன்னால் எடுபடாது. 2022-இல் வந்த திருத்தத்தில் அபராதங்களை இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு என்றால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. நீலகிரியில் வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1879-இல், வேட்டைக்குக் கட்டுப்பாடு போட்டுச் சட்டம் வந்துவிட்டது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. லேகியம் என்ற பெயரில் கருங்குரங்கைச் சுட்டுத் தீர்த்த கதையை நம் வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். 2024-இல் கணக்கெடுத்தபோது தமிழ்நாடு முழுக்க வரையாடு 1,031-தான் இருந்தது. அவ்வளவுதான் மிச்சம் என்று தெரிந்த பிறகு ஆசைக்கு ஒன்று என்று சொல்ல யாருக்கும் வாய் வரக்கூடாது.

உருளைக்கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றி தோண்டிவிட்டுப் போகிறது, அதற்காவது வாங்கலாமா என்று கேட்பவர்களின் வலி எனக்குப் புரிகிறது, ஒரே ராத்திரியில் நாலு மாத உழைப்பு போவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏர் ரைபிள் பன்றியைக் கொல்லாது, தோலுக்குள் ஈயத்தை வைத்து அனுப்பும். அது புண்ணோடு அலைந்து அடுத்த நாள் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் மேல் பாயும். சேதத்தைப் போட்டோ எடுத்து வனச்சரக அலுவலகத்தில் எழுதிக் கொடுப்பதுதான் வழி.

தாத்தா காலத்து .315 அல்லது .22 தோட்டாத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது, அதுபோல ஒன்று புதிதாக வாங்கலாமா என்றும் கேட்கிறார்கள். அதற்கு கலெக்டரிடம் லைசென்ஸ் வேண்டும், தகுந்த காரணம் காட்ட வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பெயரில் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது. புதிதாகச் சுடக் கற்றுக்கொள்பவருக்கு அது தேவையே இல்லை. மூச்சை அடக்குவது, விசையை மெதுவாக அழுத்துவது, சுட்ட பிறகும் அசையாமல் நிற்பது எல்லாவற்றையும் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டையை வைத்து ஏர் ரைபிளிலேயே கற்றுக்கொள்ளலாம். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டர் ஏர் ரைபிளில்தான். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வாங்கியதும் இதில்தான்.

சரி, அட்டையைத்தான் சுடப் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டீர்கள். அடுத்து சட்டக் கணக்கு. 2016 ஆயுத விதிகள்படி பேரல் என்கிற குழலின் துளை 4.5 மில்லிமீட்டருக்குள், அதாவது .177, குண்டு வெளியேறும் சக்தி 20 ஜூலுக்குள் இருந்தால் வாங்குபவருக்கு லைசென்ஸ் வேண்டாம். இரண்டில் எது தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும், அதனால் .22 ஏர் ரைபிளை யாராவது "பரவாயில்லை, எடுத்துக்கோங்க" என்று நீட்டினால் வாங்காதீர்கள். அடையாள அட்டை கேட்பார்கள், கொடுங்கள். பில்லில் மாடல், துளை, துப்பாக்கியின் நம்பர் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு, அதை உறையின் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு ஏறும் வழியில் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, பில் கையில் இருந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். இன்னொன்று, சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவது குற்றம், சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கவணும் கத்தியும்கூட அடங்கிவிடும். மைசூரில் வாங்கி முதுமலை வழியாக பைக்கில் கொண்டுவரலாம் என்ற யோசனையே வேண்டாம்.

ஜூல் கணக்கை நீங்களே போடலாம். பெல்லட்டின், அதாவது சின்ன ஈயக் குண்டின், எடையைக் கிராமில் எடுத்து, வேகத்தை மீட்டரில் எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 2000-ஆல் வகுக்க வேண்டும். 0.53 கிராம் பெல்லட் வினாடிக்கு 175 மீட்டர் போனால் சுமார் 8 ஜூல், போட்டித் துப்பாக்கிகள் இந்த அளவில்தான் இருக்கும். அதே பெல்லட் 270 மீட்டர் போனால் 19 ஜூலைத் தாண்டிவிடும். டப்பாவின் மேல் "வினாடிக்கு 1000 அடி" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த வேகத்தை லேசான கலப்பு உலோகப் பெல்லட்டைப் போட்டு அளந்திருப்பார்கள், போதாக்குறைக்கு ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்க பெல்லட் தள்ளாட ஆரம்பிக்கும். அட்டையில் ஓட்டை போட 8 ஜூலே தாராளம். வேகம் கூடினால் அதிர்வும் எடையும் இழுக்கும் பாரமும் கூடும், குறி மட்டும் கூடாது.

இப்போது வகை. மலைக்காரர்கள் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டியது இந்த இடம், ஏனென்றால் சமவெளியில் எழுதப்படுகிற ஆலோசனைகளில் நம் குளிரும் பனிமூட்டமும் வருவதே இல்லை.

ஸ்பிரிங் வகையில் பேரலை மடக்கி இழுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும், விசையை அழுத்தியதும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அடிக்கும். விலை குறைவு, வேறு சாமான் எதுவும் வேண்டாம், நல்லபடி வைத்திருந்தால் இருபது வருடம் உழைக்கும். ஆனால் பெல்லட் பேரலை விட்டுப் போவதற்குள்ளேயே துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதறும், அதனால் இறுக்கிப் பிடிக்காமல் உள்ளங்கையில் கிடத்தியபடி சுடப் பழக வேண்டும். சுருள்வில்லுக்குப் பதிலாக நைட்ரஜன் அடைத்த குழாய் இருந்தால் அது கேஸ் ராம், அதைத்தான் நைட்ரோ பிஸ்டன் என்றும் சொல்கிறார்கள். அதிர்வு கொஞ்சம் சீராக இருக்கும், இழுக்க மட்டும் முதலிலிருந்தே கனமாக இருக்கும். குளிரில் அழுத்தம் சற்றுக் குறையும், பத்து மீட்டரில் அது தெரியாது.

கார்பன் டை ஆக்சைடு குப்பி போடுகிற வகையை மலையில் வாங்கவே வேண்டாம் என்பேன். 20 டிகிரியில் அந்தக் குப்பிக்குள் 57 பார் அழுத்தம் இருக்கும், 10 டிகிரிக்கு வந்தால் 45-க்கு இறங்கிவிடும். டிசம்பர் காலையில் ஊட்டியில் சுட்டால் பெல்லட் கீழே போய் விழும், மதியம் வெயில் வந்ததும் மேலே ஏறும், உங்கள் கை மாறியதா குப்பி மாறியதா என்று தெரியாமல் தவிப்பீர்கள். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடக் கெட்ட துணை கிடையாது.

அப்புறம் பி.சி.பி., அதாவது முன்கூட்டியே காற்றை அடைத்து வைக்கிற சிலிண்டர் வகை. உதறல் ஏறக்குறைய இல்லை, சின்னப் பிள்ளைகளும் சுடலாம், போட்டியில் இருப்பதெல்லாம் இதுதான். போட்டி ரைபிளில் சுமார் 200 பார் வரை அடைக்க வேண்டும். கைப்பம்பில் அடைப்பதென்றால் நம் ஊர் உயரத்தைக் கணக்கில் எடுங்கள், ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 100 தடவை அடிக்கிற இடத்தில் இங்கே 125 தடவை அடிக்க வேண்டும். அதோடு மழைக்காலக் காற்றில் இருக்கும் ஈரமும் சேர்ந்து உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பம்பின் வாயில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வடிகட்டி கட்டாயம் வேண்டும். மூடுபனி இறங்கிய நேரத்தில் அடிக்காமல், வெயில் காய்ந்த மதியத்தில் அடியுங்கள்.

தனியாகப் பழகுகிற பெரியவர் என்றால் மிதமான ஸ்பிரிங், பிள்ளையைப் போட்டிக்குத் தயார் செய்வதென்றால் பி.சி.பி., இதுதான் என் கணிப்பு.

மூன்றாவது கேள்வி, யார் தூக்கப் போகிறார்கள். இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். என் அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயதில் வாங்கப் போனபோது கடைக்காரர் எடுத்து நீட்டியது நாலு கிலோவுக்குப் பக்கம் வரும் ஒரு பெரிய ஸ்பிரிங் ரைபிள். அவள் அதைத் தோளில் வைத்ததும் முதுகைப் பின்னால் வளைத்து வயிற்றை முன்னால் தள்ளி நின்றாள், கழுத்து, தோளில் அணைக்கிற பின்கட்டையை, அதாவது ஸ்டாக்கை, எட்டாமல் கொக்கு மாதிரி நீண்டது, "மாமா, புள்ளியே தெரியல" என்றாள். அவள்மேல் தப்பே இல்லை, ஸ்டாக் அவளுக்கு ரொம்பப் பெரிது. கையை முழங்கையில் மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளந்து பாருங்கள், ஸ்டாக்கின் அடியிலிருந்து விசை வரை உள்ள தூரம் ஏறக்குறைய அந்த அளவுக்கு வர வேண்டும். பெரியவர்களுக்கான ஸ்டாக் பெரும்பாலும் 35, 36 சென்டிமீட்டர் இருக்கும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று. துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிட்டு, வெறும் சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு உங்களுக்கு வசதியாகத் தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். முன் குறியும் பின் குறியும் ஒரே கோட்டில் இருந்தால் அது உங்கள் அளவு. கழுத்தை நீட்டியோ ஒடுக்கியோ சரி செய்ய வேண்டியிருந்தால், எவ்வளவு பேர் பெற்ற கம்பெனியாக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். பிறகு தோளில் வைத்தபடியே ஒரு நிமிடம் நில்லுங்கள். கடைசிப் பத்து வினாடியில் முனை எவ்வளவு ஆடுகிறதோ அதுதான் அந்தத் துப்பாக்கி உங்களுக்கு எவ்வளவு கனம் என்பதற்கு அளவு.

விசையையும் பாருங்கள். நல்ல விசையில் முதலில் கொஞ்சம் தளர்வாக நகரும், அப்புறம் ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும், அங்கிருந்து சின்ன அழுத்தத்தில் விடும். ஸ்பிரிங் ரைபிளைப் பெல்லட் இல்லாமல் சுடக்கூடாது, பிஸ்டன் மோதி உடையும். அதனால் விசையைச் சோதிக்கக் கடைக்காரரிடம் சொல்லிப் பெல்லட் போட்டுப் பெட்டிக்குள் சுட்டுப் பாருங்கள். பேரலை மடக்கிப் பெல்லட் போடும்போது மறு கையால் பேரலைப் பிடித்தே இருக்க வேண்டும், விசை நழுவினால் பேரல் திரும்பி அடித்து விரலை நசுக்கிவிடும். இதை வீட்டில் தொடுகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிக் கொடுங்கள்.

ஸ்கோப் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். என் முதல் ரைபிளோடு ஒரு கடையில் "இது பெரிய துப்பாக்கிக்கே போடுற ஸ்கோப்" என்று சொல்லி மாட்டிக் கொடுத்தார்கள், நானும் பெருமையாக வாங்கி வந்தேன். இருநூறு பெல்லட்கூடத் தாண்டவில்லை, உள்ளே இருந்த குறுக்குக் கோடு அறுந்து ஒரு மூலையில் தொங்கியது. ஸ்பிரிங் ரைபிள் இரண்டு பக்கமும் உதறும் என்றேன் அல்லவா, ஒரு பக்க உதைக்குச் செய்த ஸ்கோப் அதைத் தாங்காது. இன்னொரு சிக்கல், அந்த மாதிரி ஸ்கோப்புகள் நூறு கெஜ தூரத்துக்குச் சரி செய்யப்பட்டிருக்கும், பத்து மீட்டரில் படம் மங்கும், கண் கொஞ்சம் விலகினாலும் குறி நகரும். ஏர் ரைபிளுக்கென்று செய்த, முன் லென்ஸைத் திருகித் தூரம் மாற்றுகிற ஸ்கோப்தான் வேண்டும். ஆனால் புதியவர் ஸ்கோப்பே போடாமல் திறந்த குறியில் ஆறு மாதம் பழகுங்கள் என்பேன். மாநிலப் போட்டிகளிலும் திறந்த குறிக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, பிறகு சின்ன ஓட்டை வழியாகப் பார்க்கிற பீப் குறிக்கு மாறிக்கொள்ளலாம்.

இப்போதுதான் கம்பெனி. நம் நாட்டில் செய்வதில் பிரெசிஹோல் எளிதாகக் கிடைக்கிறது. அவர்கள் மாடல் பெயரிலேயே வகை இருக்கும், எஸ்.எக்ஸ். என்று தொடங்கினால் ஸ்பிரிங், என்.எக்ஸ். என்றால் நைட்ரோ பிஸ்டன், பி.எக்ஸ். என்றால் பி.சி.பி. மலிவில் எஸ்.டி.பி. ரைபிள்கள் கிடைக்கும், தோட்டத்தில் தகர டப்பா சுட்டுப் பழக அது போதும், ஆனால் ஒன்றுக்கு ஒன்று வித்தியாசம் இருக்கும், அதனால் உங்கள் கைக்கு வரப்போகிற அதே துப்பாக்கியில் ஐந்து பெல்லட் சுட்டு அட்டையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். வெளிநாட்டில் டயானா 34, வைராவ் எச்.டபிள்யூ. 30 இரண்டும் ஜெர்மன் ஸ்பிரிங் ரைபிள்கள். இரண்டாவது லேசானது, மென்மையாக இழுக்கலாம், யாராவது பழையதை விற்றால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். போட்டிக்கென்றால் ஃபைன்வெர்க்பாவ், வால்தர், அன்ஷூட்ஸ், ஸ்டையர், பார்தினி, இவைதான் பந்தயக் களத்தில் வரிசையாக நிற்கும். இவற்றின் விலை ஒரு நல்ல பைக்கைவிட மேலே போகும். கோவை, மதுரை, சென்னை ரைபிள் கிளப்புகளில் யாராவது அடுத்த மாடலுக்குப் போகும்போது பழையது கிடைக்கும். எதையும் வாங்குவதற்கு முன் கோவைக்கு இறங்கி இரண்டு மூன்று மாடலைக் கையில் பிடித்துச் சுட்டுவிட்டு வாருங்கள், அந்த ஒரு நாள் உங்களுக்குப் பெரிய தொகையை மிச்சம் செய்யும்.

பழைய பி.சி.பி. வாங்கினால் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். போட்டி ரைபிள் சிலிண்டருக்கு ஆயுள் பெரும்பாலும் பத்து வருடம். துப்பாக்கி பளபளவென்று இருக்கும், சிலிண்டர் போன வருடமே காலாவதி ஆகியிருக்கும். 200 பார் காற்றைக் கன்னத்துக்குக் கீழே வைத்துக்கொண்டு சுடுகிறீர்கள், அதில் சமாதானம் வேண்டாம்.

வீட்டில் இடம். பத்து மீட்டரைக் கயிற்றால் அளந்து, அட்டையின் நடு தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் வரும்படி வையுங்கள். பின்னால் ஒரு மரப்பெட்டி, அதற்குள் பழைய கம்பளியும் துணியும் திணித்து, கடைசியில் ஒரு இரும்புத் தகடு. மலைச்சரிவைப் பார்த்துச் சுடாதீர்கள், கீழே யாரும் இல்லை என்று தோன்றும், தேயிலைப் புதருக்குக் குனிந்திருப்பவர் மேலிருந்து தெரியமாட்டார், தவறிய பெல்லட் 300 மீட்டருக்குக்கூடப் போகும். மண் வெட்டிய மேட்டைப் பின்னால் வைத்து, மேட்டைப் பார்த்துச் சுடுங்கள். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பெல்லட் ஈயம், வாயில் கவ்வி வைக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

துரு பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை மலைக்கு எழுதியதாகாது. ஒரு ஜூலையில் சுட்டுவிட்டு அப்படியே உறையில் போட்டு மூடி வைத்தேன், பத்து நாள் கழித்துத் திறந்தால் கறுப்புப் பேரல் மேல் என் கட்டை விரலின் ரேகை, ஒவ்வொரு கோடும் தெரிகிற மாதிரி, செம்பழுப்பில் துருவாகப் பதிந்திருந்தது. தேய்த்து எடுத்தேன், நிழல் இன்னும் இருக்கிறது. கை வியர்வையில் உள்ள உப்பும் உறைக்குள் அடைபட்ட ஈரமும் சேர்ந்தால் இப்படித்தான். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியால் வெளிப்பக்கத்தைத் துடைத்து, உறையில் போடாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்த பீரோவில் பூட்டி வையுங்கள். பேரலுக்குப் பின்னால் காற்று வரும் ஓட்டையில் எந்த எண்ணெயும் விடாதீர்கள், அழுத்தத்தில் தீப்பிடித்து டமாரென்று வெடித்து வாஷர் போய்விடும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நம் குளிரில் அது பாட்டிலில் எப்படி உறைகிறது என்று தினமும் குளியலறையில் பார்த்துக்கொண்டே அதைச் செய்கிறார்கள்.

கடைசியாகப் பெல்லட். அட்டைக்குத் தட்டைத் தலை பெல்லட்தான், ஓட்டை வட்டமாக வெட்டி விழும். டின்னின் மேல் 4.49, 4.50, 4.51 என்று தலை அளவு போட்டிருக்கும், உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்று சுட்டால்தான் தெரியும். மூன்று அளவில் ஒவ்வொரு டின் வாங்கி, துப்பாக்கியை மணல் மூட்டை மேல் தாங்க வைத்து, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். புள்ளியின் நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டாம், ஐந்தும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். ஒன்றில் ஐந்து ஓட்டையும் ஒட்டி ஒரு சின்னப் பூ மாதிரி வரும். அந்த அட்டையின் பின்னால் பெல்லட் பெயரையும் தலை அளவையும் தேதியையும் எழுதி வைத்து, அடுத்த டின் வாங்கப் போகும்போது அதையே எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள்.